நாலு போர்ட்டுக்கும் ஒரே ஸ்டிக்கரா? அளவுத்திருத்த ஆய்வுகூடத்துக்கு ஒரு திறந்த மடல்

ரேடியோ கருவிகள் காட்டும் அளவு சரிதானா என்று பார்த்து அளவுத்திருத்தச் சான்றிதழ் வழங்கும் கொழும்பு ஆய்வுகூடமொன்றின் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையிலிருந்து வணக்கம். நான் யார், எந்தக் கருவி என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோ செட்டுகளைச் சோதிக்க வேண்டிய அளவில் சிக்னல் தரும் சிக்னல் ஜெனரேட்டர் ஒன்றை உங்களுக்கு அனுப்பினேன். அதில் நாலு போர்ட், அதாவது சிக்னல் வெளிவரும் நாலு வாய். திரும்பி வந்தபோது அதன் நெற்றியில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். சான்றிதழை விரித்துப் பார்த்தால் அட்டவணையில் முதலாம் போர்ட் மட்டும் இருக்கிறது. அதுவும் 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட்) மட்டத்தில், 100 மெகாஹேர்ட்ஸிலும் 1 கிகாஹேர்ட்ஸிலும். மற்ற மூன்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதனால் என்ன கெட்டுப்போனது என்று கேட்பீர்கள். கேட்டீர்கள்தான். இதோ பதில்.

என்னிடம் திருத்த வருபவை பெரும்பாலும் இங்குள்ள மீன்பிடித் துறைமுகத்துப் படகுகள் கடலில் கதைக்கப் பாவிக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் செட்டுகள். திருத்திய செட்டுகளை மேசையில் வரிசையாக வைத்து, போர்ட்டுக்கு ஒன்றாகக் கொழுவி, அவசர அழைப்புக்கான 16ஆம் சனலில், அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸில், எவ்வளவு மெல்லிய சிக்னல் வரை கேட்கிறது என்று பார்ப்பேன். நல்ல செட் கால் மைக்ரோவோல்ட்டையும் பிடிக்கும். 50 ஓமில் அது ஏறத்தாழ மறை 119 டிபிஎம், அதாவது 0 டிபிஎம்மைவிட 119 டெசிபெல் கீழே. மூன்றாம் போர்ட்டில் கொழுவிய செட்டுகள் எல்லாம் பாஸ். ஆனால் கடலுக்குப் போய் வந்தவர்கள், "தம்பி, பக்கத்துப் படகுக்காரன் கதைக்கிறது கேக்குது, தூரத்தில இருந்து கூப்பிட்டா ஒண்டும் கேக்குதில்ல" என்று செட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதே செட்டை அதே கேபிளோடு முதலாம் போர்ட்டுக்கு மாற்றினால் ஃபெயில். வேறு செட், வேறு கேபிள் என்று மாற்றிப் பார்த்தாலும் அதே கதை. திரையில் ஒரே இலக்கத்தைக் காட்டிக்கொண்டு, மூன்றாம் போர்ட் முதலாவதைவிட ஏறத்தாழ 4 டெசிபெல் கூடுதலாகத் தள்ளுகிறது. 3 டெசிபெல் என்றாலே வலு இரட்டிப்பு. 4 என்றால் இரண்டரை மடங்கு. அரைச் செவிடான செட்டுகள் உங்கள் ஸ்டிக்கரின் புண்ணியத்தில் பாஸாகிக் கடலுக்குப் போயிருக்கின்றன. வானிலை எச்சரிக்கை கேட்க அந்தப் படகுக்காரர்களிடம் இருப்பது அந்தச் செட்தான், ஐயா. இது 1978 சூறாவளியைக் கண்ட கரை.

"சிக்னலை உண்டாக்குவது ஒரே மூலம்தானே, ஒரு போர்ட் சரியென்றால் மற்றதும் சரிதான்" என்று தொலைபேசியில் உங்கள் அலுவலர் சொன்னார். மூலம் ஒன்றுதான். ஆனால் அதற்குப் பிறகு இந்தக் கருவியில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி அம்ப்ளிஃபையர், சிக்னலைப் படிப்படியாகக் குறைக்கும் தனி அட்டெனுவேட்டர், தனி ரிலே, தனி கனெக்டர். அட்டெனுவேட்டரில் ஒரு படி பழுதானால் அந்தப் போர்ட் மட்டும் பொய் சொல்லும். மட்டக்களப்புச் சந்தையில் மீன் நிறுக்கும் தராசுக்கே ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். நாலு தராசு வைத்திருக்கும் வியாபாரி ஒன்றை மட்டும் காட்டி நாலுக்கும் முத்திரை கேட்டால் எந்த அதிகாரி கொடுப்பார்? நான் கேட்பது அதைத்தான்: நாலு போர்ட் என்றால் நாலையும் பாருங்கள்.

இதற்கு நேரம் பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். மறை 119இல் வெப்பவகை பவர் சென்ஸர் உதவாது, அது மறை 30 சொச்சத்திலேயே கைவிரித்துவிடும். மிக மெல்லிய சிக்னலையும் அளவிடும் ரிசீவர் வேண்டும். ஒரு போர்ட்டைப் பார்க்கும்போது மற்றவற்றின் வாயை மூடி 50 ஓம் டெர்மினேட்டர் போட வேண்டும். பக்கத்துப் போர்ட் 0 டிபிஎம்மில் முழங்கும்போது இங்கே எவ்வளவு கசிகிறது என்றும் பார்க்க வேண்டும். இடையில் 120 டெசிபெல்லாவது பிரிப்பு இல்லாவிட்டால், கசிவே நாம் அளக்கும் சிக்னலைவிடப் பெரிதாகிவிடும். இதற்கெல்லாம் வசதி இல்லையென்றால் அதையாவது சொல்லுங்கள். "முதலாம் போர்ட் மட்டும்" என்று ஸ்டிக்கரில் எழுத எவ்வளவு மை செலவாகும்?

உங்கள் கடிதத் தலைப்பில் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 என்று, ஆய்வுகூடங்களுக்கான சர்வதேசத் தரநிலையைப் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். அதன் 2017 பதிப்பு, என்ன செய்யப்போகிறோம் என்பதை வேலை தொடங்குமுன் வாடிக்கையாளரோடு பேசித் தெளிவாக்கச் சொல்கிறது. வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ளாமல், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் செய்ய வேண்டும் என்ற பரிந்துரை சான்றிதழிலோ லேபலிலோ இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் ஸ்டிக்கரில் அடுத்த ஆண்டுத் திகதி கொட்டை எழுத்தில் இருக்கிறது. கேட்காததைத் தந்திருக்கிறீர்கள். கேட்டதைத்தான் காணவில்லை.

அப்புறம், கருவி போய்வரும் பாடு. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஆடாமல் அசையாமல் கொண்டுபோக வேண்டிய சாமானை மடியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலில் உட்கார வேண்டும். வழியில் யானை தண்டவாளத்துக்கு வந்தால் ரயில் நிற்கும். யானையில் எனக்குக் கோபமில்லை, அது தன் காட்டில்தான் நிற்கிறது. நாட்டில் அளக்க வேண்டியது எதுவானாலும் ஏன் கொழும்பில்தான் அளக்க வேண்டும் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. அதைத் தீர்மானிப்பவர் நீங்கள் இல்லை. சரி, அதை விடுவோம்.

தயவுசெய்து செய்ய வேண்டியது இவ்வளவுதான். கருவியை மறுபடி அனுப்பத் தயாராக இருக்கிறேன். நாலு போர்ட்டையும் 156 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில், நான் பாவிக்கும் தாழ்ந்த மட்டம் வரை பாருங்கள். போர்ட்டுக்கு ஓர் அட்டவணையாக, அளவீட்டின் நிச்சயமின்மையோடு சான்றிதழில் போடுங்கள். பார்க்க முடியாததைப் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். மேலதிகக் கட்டணம் இருந்தால் முன்கூட்டியே அறிவியுங்கள், கட்டுகிறேன். மாரி தொடங்குமுன் கருவி கைக்கு வந்தால் பெரிய உதவியாக இருக்கும். கடல் குழம்பும் அந்தக் காலத்தில்தான் இந்தச் செட்டுகளுக்கு வேலை.

பதிலைத் தயவுசெய்து எழுத்தில் தாருங்கள். தொலைபேசியில் வேண்டாம்.

இப்படிக்கு,
வாழைச்சேனையில் வயர்லெஸ் செட் திருத்தும் ஒருவர்