ஜர்னல் கிளப்பை எங்களிடமே விட்டுவிடுங்கள்

உயிர்மருத்துவத் துறைகளின் தலைவர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும்,

வணக்கம். முனைவர் பட்ட மாணவர்கள் தாங்களாகவே கூடி, வாரம் ஒரு பேப்பரை, அதாவது ஆய்வுக் கட்டுரையை, எடுத்து வைத்துப் பேசுகிற கூட்டம்தான் ஜர்னல் கிளப். அது கொஞ்சம் நன்றாக நடக்கத் தொடங்கினால் போதும், அடுத்த பருவத்திலேயே பாடத்திட்டத்துக்குள் போய்விடுகிறது. வருகைப் பதிவு, கிரெடிட், ஸ்லைடுகள், முன்வரிசையில் நீங்கள். அக்கறையில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனாலும் வேண்டாம்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் கெட்டிக்காரத்தனமான கேள்விகள் மட்டும்தான் வரும். செல்களை ஒவ்வொன்றாக அளந்து வகைப்படுத்தும் ஃப்ளோ சைட்டோமெட்ரி படத்தில் எந்தக் கட்டத்தை எதற்காகப் பிரித்திருக்கிறார்கள் என்றே புரியவில்லை என்று, நாளைக்குத் தன் ஆய்வேட்டை மதிப்பிடப் போகிறவர் முன்னால் எந்த மாணவர் வாய் திறப்பார்? புரிந்த மாதிரி தலையாட்டுவார். அப்படியே தலையாட்டி மூன்றாம் ஆண்டு வரைக்கும் வந்துவிட்டவர்கள் உண்டு.

நாங்கள் மட்டும் இருக்கும்போது நடப்பது வேறு. ஒரு பார் கிராஃப், கீழே n = 30 என்று மாதிரிகளின் எண்ணிக்கை, மேலே வித்தியாசம் தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று காட்டும் மூன்று நட்சத்திரம். யாரோ ஒருவர், "இந்த முப்பது என்ன முப்பது?" என்று கேட்கிறார். செய்முறைப் பகுதியைத் தேடிப் படித்தால், மூன்று எலிகள், ஒவ்வொன்றிலிருந்தும் பத்து செல்கள். ஒரே எலியின் செல்கள் ஒன்றுக்கொன்று சுதந்திரமானவை அல்ல, ஆகவே அந்தச் சோதனைக்கு உண்மையான எண்ணிக்கை மூன்றுதான், நட்சத்திரங்கள் எவ்வளவு தாங்கும் என்பது சந்தேகம். அப்புறம் பேச்சு எங்கள் சொந்தத் தரவுகளுக்குத் திரும்பி, யார் யார் இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறோம் என்று பார்க்கத் தொடங்கி, மணி முடியும்போது இரண்டாவது ஃபிகரைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம். மதிப்பெண் தாளில் இது "பேப்பர் முடிக்கப்படவில்லை" என்று விழும். புள்ளியியல் வகுப்பில் தலைக்கு மேலே போன விஷயம் அன்றைக்குத்தான் புரிந்திருக்கும்.

இன்னொன்று, சொல்லச் சங்கடமாக இருந்தாலும். உங்கள் நண்பரின் லேபிலிருந்து வந்த பேப்பரை உங்கள் முன்னால் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

முறையான ஜர்னல் கிளப் என்றால் 1875இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் தொடங்கியதைச் சொல்வார்கள். அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பே, லண்டனின் புனித பார்த்தலோமியு மருத்துவமனை மாணவர்கள் பக்கத்திலிருந்த ரொட்டிக்கடையின் மாடி அறையில் கூடி இதழ்கள் வாசித்ததை அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் எழுதி வைத்திருக்கிறார். ஆக, இது மாணவர்கள் மத்தியில் பழைய பழக்கம்தான்.

சந்தேகப்பட்டு வாசிக்கும் பழக்கம் எவ்வளவு தேவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தார் புற்றுநோய்த் துறையின் 53 முக்கிய ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து, 6 மட்டுமே உறுதிப்பட்டதாக 2012இல் எழுதினார்கள். நேச்சர் இதழில் 2006இல் வந்த புகழ்பெற்ற அல்சைமர் கட்டுரை, படங்களில் முறைகேடாகக் கைவைத்த அடையாளங்கள் இருந்ததால், 2024இல்தான் திரும்பப் பெறப்பட்டது. ஜர்னல் கிளப் இருந்திருந்தால் பிடித்திருக்கும் என்றெல்லாம் அளக்கவில்லை. ஆனால் புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் பிளாட் (blot) படத்தை உற்றுப் பார்க்கிற கண் எங்காவது பழக வேண்டும் அல்லவா?

எங்கள் பக்கம் குறை இல்லாமல் இல்லை. பேசுகிறவர்களே பேசுவார்கள். எந்தப் பேப்பரைக் கொடுத்தாலும் குப்பை என்று சொல்வதுதான் அறிவு என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள், அது ஒரு நோய். எல்லோரும் சேர்ந்து தவறாகவே புரிந்துகொள்ளும் வாரமும் வரும். அதற்கு முனைவர் பட்டம் முடித்து ஆய்வு செய்யும் ஒரு போஸ்ட்டாக்கையோ புள்ளியியல் தெரிந்தவரையோ அவ்வப்போது நாங்களே கூப்பிட்டுக்கொள்வோம்.

சரி, உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். ஒரு அறை. லேப் மீட்டிங் மோதாத ஒரு மணி நேரம். அதற்காக எழுந்து போகிறவரிடம் "செல்களுக்கு மீடியா (வளர்ப்புத் திரவம்) மாற்றியாச்சா?" என்று கேட்காமல் இருப்பது.

உங்களுக்கும் வர ஆசை என்றால், கூப்பிடுகிற அன்றைக்கு வாருங்கள், உங்கள் பழைய பேப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டு. கூடவே வெளியிடும் முன் அதை மதிப்பிட்ட ரிவ்யூவர்களின் கருத்துகளையும், பேப்பருக்குள் போகாமல் விட்டுப்போன சோதனைகளையும் கொண்டு வந்தால் நாங்கள் பாட்டுக்குப் பிரித்துப் பார்ப்போம்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவர்