டீச்சர் பெயரில் வளைவு வேண்டாம், ஆய்வகம் நடக்கட்டும்

தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும், முன்னாள் மாணவர் சங்கத்து அண்ணன்மார் அக்காமாருக்கும் வணக்கம்.

டீச்சருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில், அவர் நினைவாகப் பள்ளி வாசலில் ஒரு வளைவு கட்டலாம், உள்ளே மார்பளவுச் சிலை வைக்கலாம் என்று பேச்சு வந்தது. வசூலும் தொடங்கிவிட்டது. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட சிமெண்டுக்குப் போக வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். நாங்கள் அவரிடம் அறிவியல் படித்து, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் வேறு வேறு பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர்களாகவும் ஆய்வக உதவியாளர்களாகவும் இருப்பவர்கள். சோதனை மேசையில் எது கெடும், எதனால் கெடும் என்று பார்ப்பதே எங்கள் அன்றாட வேலை. அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

டீச்சர் விடாமல் பிடித்து நின்ற விஷயம் ஒன்றுதான்: கிடைத்த அளவை எழுத வேண்டும், கிடைத்திருக்க வேண்டிய அளவை எழுதக் கூடாது. அவர் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கும். எந்தக் குழுவுக்கு என்ன அளவு வந்தது, ஏன் அப்படி வந்தது, என்ன திருத்தினார்கள் என்று மூன்று பத்தி. தப்பாக வந்த அளவுக்குத்தான் அதில் முதலிடம்.

புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளம், 20 அலைவு. நம் ஊரில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78, அதனால் சரியாகச் செய்தால் 40 வினாடிக்குச் சற்றுக் கூடுதலாக வரும். ஒரு குழுவுக்கு விடை 10.8 என்று வந்தால் டீச்சர் அதை அடிக்கச் சொல்ல மாட்டார். அந்த 10.8 எங்கிருந்து வந்தது என்று தேடச் சொல்வார். குண்டை விட்ட நொடியிலேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். ‘இருபது’ என்று கடிகாரத்தை நிறுத்தும்போது 19 அலைவுதான் முடிந்திருக்கும். அந்த 38.2 வினாடியை 20 ஆல் வகுத்தால் அப்படித்தான் வரும். எண்ணிக்கையைச் சுழியில் தொடங்க வேண்டும். இன்னொரு குழுவுக்கு 9.68 வந்தால், நூலைக் கொக்கிவரை மட்டும் அளந்து, அங்கிருந்து குண்டின் நடுப்புள்ளிவரை உள்ள ஒரு சென்டிமீட்டரை விட்டுவிட்டார்கள் என்று பொருள். ஒவ்வொரு தவறுக்கும் அதற்கே உரிய எண் உண்டு. அந்த எண்ணை அழித்துவிட்டு 9.8 என்று எழுதிய பிள்ளைக்கு ஊசலிலிருந்து கற்க எதுவும் மிச்சமில்லை.

பத்தாம் வகுப்பின் மின்தடை எண் சோதனையும் அப்படித்தான். 28 கேஜ் நிக்ரோம் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 10 ஓம் காட்டும். அதன் விட்டம் 0.376 மில்லிமீட்டர். விட்டத்தை அளக்கும் திருகு அளவியில், கம்பி வைக்காதபோதே 0.02 மில்லிமீட்டர் காட்டும் சுழிப்பிழை இருந்து, அதைக் கழிக்க மறந்தால் விட்டத்தில் 5 சதவீதம்தான் பிசகும். ஆனால் சூத்திரத்தில் ஆரம் இருமடியாக வருவதால் விடையில் 11 சதவீதம் பிசகிவிடும். மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பி இரண்டு முறை, ஆக ஆறு அளவு எடுக்க வேண்டும்; கம்பியின் குறுக்குவெட்டு எல்லா இடத்திலும் முழு வட்டமாக இருக்காது. மின்சுற்றின் சாவியை மூடியபடியே வைத்துக்கொண்டு அளவுகளைப் பொறுமையாக எழுதினால் கம்பி சூடேறும்; கடைசி அளவு முதல் அளவோடு ஒத்துவராது. அளவெடுக்கும் நேரத்துக்கு மட்டும் சாவியை மூடினால் போதும். இதையெல்லாம் கையால் செய்தால்தான் தெரியும். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. அந்த 25 ஐயும் கம்பியைத் தொடாமலே வாங்கிவிடும் பிள்ளைகள் நம் மாவட்டத்திலும் உண்டு. டீச்சர் பணியிலிருந்தவரை அந்தப் பள்ளியில் அது நடக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது. எங்களில் இருவர் சமீபத்தில் உள்ளே போய்ப் பார்த்தோம். யார் மீதும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடலோரத்தில் பூட்டிவைத்த ஆய்வகம் எதுவானாலும் இந்தக் கதிக்குத்தான் வரும். நமக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. கச்சான் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும். நுண்ணோக்கிகளை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதால் ஈரம் உள்ளேயே தங்கி, லென்சில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கிறது. அது முற்றினால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தும் பயனில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் 100 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போட வேண்டும். நீல மணி வெளிர்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்தால் மறுபடி நீலமாகும். சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. அந்த நீலம் கோபால்ட் உப்பு, நஞ்சு. மழைக்காலத்தில் அலமாரிக்குள் ஒரு 25 வாட் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது.

சட்டக்காந்தங்கள் எல்லாம் ஒரே டப்பாவில் குவிந்து கிடக்கின்றன. வடமுனையோடு வடமுனை முட்டிக் கிடந்தால் காந்தம் வலு இழக்கும். இரண்டிரண்டாக, எதிர்முனைகள் அருகருகே வரும்படி, நடுவில் மரக்கட்டையும் இரு நுனிகளிலும் தேனிரும்புத் துண்டும் வைத்து அடுக்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணாடி மூடிப் புட்டியில் இருக்கிறது. அது கண்ணாடியைத் தின்னும். மூடி இறுகி இனித் திறக்கவே வராது. தயவுசெய்து யாரும் தட்டித் திறக்க முயல வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. புதிதாக வாங்குவதைப் பிளாஸ்டிக் புட்டியில் வாங்குங்கள்.

டீச்சர் விலைக்கு வாங்கிய பொருளைவிட நம் கரையில் கிடைத்ததை வைத்து அதிகம் நடத்தியவர். கரிமணல் பாடம் ஒன்றே போதும். 1909 இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். அதிலிருந்து எடுத்த தோரியம்தான் அந்தக் காலத்து கேஸ் விளக்கு மேண்டிலுக்குப் போனது. பாடப்புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் தனிமம் நம் பிள்ளைகள் செருப்பில் ஒட்டி வீட்டுக்கு வருகிறது. சோதனைக்கு ஒரு சிரட்டை மணல் போதும். மூட்டையாக அள்ளச் சட்டமும் இடம் தராது. சிரட்டையில் தண்ணீர்விட்டு வட்டமாகச் சுழற்றினால் வெள்ளை மணல் மேலே மிதந்து வழியும்; கறுப்பு அடியில் தங்கும். வெயிலில் நன்றாகக் காய வைத்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்ட காந்தத்தை மேலே நகர்த்த வேண்டும். பையில்லாமல் காந்தத்தை நேராக வைத்தால் துகளைப் பிரித்தெடுக்கவே முடியாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தை மட்டும் இழுக்கும். கெட்டுப்போன கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கில் உள்ள காந்தத்துக்கு இல்மனைட் என்ற டைட்டானியக் கனிமமும் வரும். எதற்கும் அசையாமல் கிடப்பதில் நிறமற்றது சிர்கானும் குவார்ட்சும்.

பிறகு அடர்த்தி. 100 மில்லி அளவு ஜாடியில் 50 மில்லி தண்ணீர். அதில் 50 கிராம் வெள்ளை மணலை மெல்லத் தூவினால் நீர்மட்டம் 69 க்கு வரும். அதே 50 கிராம் கரிமணலுக்கு 61, 62 தான். எடை ஒன்றே, இடம் வேறு என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடுகிறது. 65 காட்டினால் பெரும்பாலும் மணல் காயவில்லை. 50 கிராமில் 5 கிராம் ஈரம் இருந்தாலே அடர்த்தி 4.5 இலிருந்து 3.3 க்கு விழுந்துவிடும். மணலின் மேல் தண்ணீரை ஊற்றினால் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். தண்ணீரில்தான் மணலைத் தூவ வேண்டும், ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரும் விடலாம். கதிரியக்கமுள்ள மோனசைட் கலந்த மணலைத் தூசி பறக்கக் கையாளக் கூடாது. வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும். வகுப்பில் மூடிய சிறு புட்டி ஒன்றுக்கு மேல் சேர்த்துவைக்கவும் கூடாது.

இன்னொன்று நிழலில்லா நாள். நம் மாவட்டத்தில் ஏப்ரல் 11 ஐயும் செப்டம்பர் 1 ஐயும் ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் தேர்வு நேரம் என்பதால் செப்டம்பரே பள்ளிக்கு வசதி. உச்சி என்றதும் 12 மணிக்கு எல்லோரும் வெயிலில் போய் நிற்கிறார்கள். நிழல் போகாததைப் பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. நாகர்கோவில் இருப்பது 77.4 இல். பாகைக்கு 4 நிமிடம் வீதம் 20 நிமிடம் பிந்தும். நமக்கு அன்றைய உச்சி 12.20. ஒரு மீட்டர் பி.வி.சி. குழாயைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு நாள் முன்பின்னானால் நிழல் 6 மில்லிமீட்டர்தான் நீளும். ஆனால் குழாய் ஒரே ஒரு பாகை சாய்ந்தால் 17 மில்லிமீட்டர். சாய்ந்த குழாயை வைத்துப் பஞ்சாங்கத்தைக் குறை சொல்ல முடியாது என்பதை டீச்சர் ஆண்டுதோறும் இதை வைத்துத்தான் காட்டினார்.

2010 ஜனவரி 15 வளைய கிரகணத்துக்கு நம் கரையெல்லாம் கூட்டம் கூடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முகம் பார்க்கும் கண்ணாடியின் ஒரு சிறு துண்டின் மேல் அரை சென்டிமீட்டர் துளையிட்ட கறுப்புத் தாளை ஒட்டி, வெயிலை இருட்டறைச் சுவரில் 10 மீட்டர் தள்ளி விழச் செய்தால் சூரியனே 9 சென்டிமீட்டர் வட்டமாக வந்து நிற்கும். சூரியனின் தூரம் அதன் விட்டத்தைப் போல 107 மடங்கு என்பதால் அந்த அளவு. ஐந்நூறு பிள்ளைகள் கண்ணுக்குக் கேடில்லாமல் பார்க்க அது போதும். 2031 மே 21 அன்று தென்னிந்தியாவைக் கடக்கும் வளைய கிரகணம் வருகிறது. அதைப் பார்க்கப்போகும் பத்தாம் வகுப்பு இப்போது கீழ் வகுப்பில் இருக்கிறது.

இப்போது பணத்துக்கு வருகிறோம். வசூலான தொகையைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் வைப்புநிதியாகப் போடுங்கள். வட்டியை மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை, ஜூன் முதல் வாரத்தில் எடுங்கள். ஆய்வகம் படுப்பது பெரிய கருவி இல்லாமல் அல்ல, தீர்ந்துபோகும் சின்னப் பொருள் இல்லாமல்தான். 40 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஆண்டுக்கு 100 சோதனைக்குழாய், அரைக் கிலோ மயில்துத்தம், அரைக் கிலோ சோடியம் ஹைட்ராக்சைடு, ஒரு கிலோ சிலிக்கா ஜெல், தேவையான லிட்மஸ், ஸ்பிரிட், 20 மீட்டர் நிக்ரோம் கம்பி போதும். குழுவுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம்; ஐந்தாவது பிள்ளை எப்போதும் வேடிக்கைதான் பார்க்கும். ஆகவே எந்தச் சோதனைக்கும் பத்துச் செட் வேண்டும். ஒரு செட் மட்டும் வாங்கி முன்னால் நின்று செய்துகாட்டுவதை இந்த நிதியில் சேர்க்காதீர்கள்.

ஆய்வகச் சாவி இரண்டு இருக்கட்டும். ஒன்று அலுவலகத்தில், ஒன்று அறிவியல் ஆசிரியரிடம். எந்த நாள் எந்த வகுப்பு திறந்தது என்று கதவருகே ஒரு பதிவேடு தொங்கட்டும். வட்டிப் பணம் கொடுக்குமுன் அதைப் பார்த்தால் போதும். சாரக்கல்விளை சிவனும் மேலகாட்டுவிளை நாராயணனும் இஸ்ரோ தலைவரானதை நாம் ஆண்டுவிழாவில் சொல்கிறோம். இருவரும் இந்த மாவட்டத்தில் தமிழ் வழியில் படித்தவர்கள். அதைக் கைதட்டிக் கேட்கும் பிள்ளைக்குத் திருகு அளவியைத் திருப்பிப் பார்க்கவும் ஒரு நாள் வேண்டும்.

நீங்கள் சம்மதித்தால், ஜூன் முதல் சனிக்கிழமை எங்களில் எட்டுப் பேர் வருகிறோம். லென்ஸ் துடைக்கும் தாள், ஸ்குரூ டிரைவர், சிலிக்கா ஜெல் எங்கள் பொறுப்பு. நுண்ணோக்கிகளில் எத்தனை தேறும் என்று அன்றைக்கே சொல்லிவிடுவோம்.

அதற்குள் ஒரே ஒரு வேண்டுகோள். ஆய்வக இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில், டீச்சரின் அந்த நீள நோட்டுகள் நான்கு இருக்கின்றன. ஓரம் கரையான் அரித்திருந்தாலும் எழுத்து வாசிக்க வருகிறது. விடுமுறையில் அறையைச் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர் கட்டோடு அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தலைமை ஆசிரியர் அறையில் எடுத்து வையுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டீச்சரின் மாணவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள், ஆய்வக உதவியாளர்கள்