தரம் 3 பிள்ளைகளுக்கு விளையாட்டு ஆங்கிலம்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

வெருகலில் உன் தரம் 3 பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் என்ன விளையாட்டு வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். எதை எடுத்தாலும் ஒன்றைப் பார்: வாய் திறக்காமலே அதில் வெல்ல முடியுமா? முடியுமென்றால் அது வேண்டாம்.

சோடி சேர்க்கும் அட்டையோடு தொடங்கு. பிறிஸ்டல் போர்ட்டில் சீட்டு அளவில் 16 துண்டு வெட்டி, நண்டு, வள்ளம், காகம், கிணறு, மான், மீன் என்று எட்டுப் படத்தை இரண்டிரண்டாகக் கீறு. மெல்லிய தாள் கூடாது, மை பின்பக்கம் தெரியும். நான்கு பேருக்கு ஒரு கட்டு. சொல்லை எழுதாதே, தரம் 1, 2இல் காதால் கேட்டுப் பழகி வந்த பிள்ளைகள், எழுத்து பிறகு வரட்டும்.

அட்டைகளைக் கவிழ்த்து நாலுக்கு நாலாக அடுக்கு. முறை வந்த பிள்ளை இரண்டைத் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் "இட்ஸ் எ கிராப்" என்று முழு வசனம் சொல்லவேண்டும். சோடி சேர்ந்தாலும் வசனம் வராவிட்டால் அட்டை திரும்பக் கவிழும். இதில் மட்டும் இரங்காதே, பிள்ளை. வென்றவருக்கு மேலதிக முறையும் கொடுக்காதே. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் அள்ளிவிடும், மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும்.

அடுத்த கிழமை அதே அட்டையில் "டூ கிராப்ஸ்" என்று பன்மை சொல்லவை. அப்போது மானையும் மீனையும் எடுத்துவிடு. நம் ரவுணில் மான் காணாத பிள்ளை இல்லை, ஆனால் "டியர்" பன்மையிலும் "டியர்"தான், "பிஷ்"சும் அப்படித்தான். "ஸ்" சேர்க்கப் பழகுகிற பிள்ளை அதில் குழம்பும்.

"சைமன் சேஸ்" என்று தொடங்கும் கட்டளைக்கு மட்டும் பிள்ளைகள் செய்துகாட்டும் விளையாட்டு இருக்கிறதே, அதில் பிழைவிட்டவரை வெளியே நிறுத்தாதே. முதலில் வெளியேறுவது பயிற்சி கூட வேண்டிய பிள்ளைதான். பிழைவிட்டவரே அடுத்த கட்டளையைச் சொல்லட்டும். சிலர் வேண்டுமென்றே பிழைவிடுவார்கள். விடட்டும், பேசத்தானே ஆசைப்படுகிறார்கள். "இஸ்டாண்ட் அப்" என்று சொன்னால் இடையில் மறிக்காதே, முடிந்தபிறகு எல்லோரையும் சேர்த்து "ஸ்டாண்ட்" சொல்லவை.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். ஆடி ஆவணியில் மரத்தடிக்குக் கொண்டுபோகாதே, கச்சான் காற்று அட்டையைத் தூக்கிவிடும். ஒவ்வொரு கட்டின் அட்டைகளுக்கும் பின்னால் அந்தக் கட்டின் இலக்கத்தை எழுது. இல்லாவிட்டால் ஒன்றில் 15, மற்றதில் 17 என்று கலந்துபோகும்.

பிறிஸ்டல் போர்ட் வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை வந்தால் இருந்து வெட்டலாம்.

அன்புடன்,
அம்மா