மின்சுற்றுப் பாடம் படிப்பவர் கையில் மீட்டர் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிக் கல்லூரிப் படிப்புகளின் தரம் குறித்து நாளிதழ்களில் வரும் கட்டுரைகளும் வாசகர் கடிதங்களும் பெரும்பாலும் வருகைப்பதிவு, தேர்வு முறைகேடு, பட்டத்தின் மதிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. ஆகவே, ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு அது இணையத்தில் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன். மின்னியலிலும் மின்னணுவியலிலும் அடியெடுத்து வைக்கும் எவரும் முதலில் படிக்கும் நேர்த்திசை மின்சுற்றுகள்தான் அந்தப் பாடம். மின்னணுவியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் வைக்கும் கோரிக்கை இதுதான்: ஒரு பேட்டரியையும், மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றை அளக்கும் மல்ட்டிமீட்டரையும் தொடாமலேயே இந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றுவிடலாம் என்ற நிலை மாற வேண்டும்.

இத்தகைய பாடங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. ஒரு காணொளியில் ஓம் விதி (மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம்), அடுத்ததில் தொடர் இணைப்பும் பக்க இணைப்பும், அதற்கடுத்ததில் கிர்க்காஃப் விதிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் கணினியே திருத்தும் சில கணக்குகள். 12 வோல்ட் மின்மூலத்தோடு 4 ஓம் மின்தடையத்தை இணைத்தால் மின்னோட்டம் எவ்வளவு என்று கேள்வி வரும். 3 ஆம்பியர் என்று எழுதினால் சரி என்று குறி விழும். எண்களை மாற்றி மறுபடி கேட்டாலும், வகுத்தல் தெரிந்த எவரும் விடை சொல்லிவிடலாம். அந்த மின்தடையத்தில் 36 வாட் வெப்பம் வெளிப்படும் என்பதும், கால் வாட் மட்டுமே தாங்கும் சாதாரண மின்தடையத்தை அங்கே வைத்தால் அது சற்று நேரத்திலேயே கருகிவிடும் என்பதும் அந்தக் கேள்வியின் எல்லைக்குள் வருவதே இல்லை.

கணக்குப் போடத் தெரிவது வேறு, சுற்றைப் புரிந்துகொள்வது வேறு என்பது இயற்பியல் கல்வி ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லில்லியன் மெக்டெர்மட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஒரே மாதிரியான மூன்று மின்கலங்களும் ஐந்து பல்புகளும் கொடுக்கப்படுகின்றன. முதல் மின்கலத்தோடு ஒரு பல்பு, இரண்டாவதோடு இரண்டு பல்புகள் தொடர் இணைப்பில், மூன்றாவதோடு இரண்டு பல்புகள் பக்க இணைப்பில். பல்புகளை அவற்றின் பிரகாசத்தின்படி வரிசைப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். மின்கலங்களுக்கு அக மின்தடை, அதாவது அவற்றின் உள்ளேயே இருக்கும் மின்தடை, இல்லை என்று கொண்டால், தனிப் பல்பும் பக்க இணைப்பில் உள்ள இரண்டும் சம அளவில் ஒளிரும், தொடரில் உள்ள இரண்டும் தமக்குள் சமமாக, ஆனால் மங்கலாக ஒளிரும். எண்ணே இல்லாத இந்தக் கேள்வியில், பல்கலைக்கழக இயற்பியல் படித்த மாணவர்களில் பெரும்பாலோர் தவறினார்கள். எந்தச் சுற்றோடு இணைத்தாலும் மின்கலம் ஒரே அளவு மின்னோட்டத்தையே தரும் என்ற எண்ணமும், முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் தீர்த்துவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்த பல்புக்கு அனுப்புகிறது என்ற எண்ணமும் அவர்களிடம் வேரூன்றியிருந்தன. இந்த இரண்டு எண்ணங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டே ஒருவர் மேலே சொன்ன கணக்குகளில் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மீட்டரைக் கையில் எடுத்தவுடன் நிலைமை எப்படி மாறுகிறது என்பதற்கு ஓர் எளிய சுற்றையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு 1 கிலோஓம் மின்தடையங்களைத் தொடராக 9 வோல்ட் பேட்டரியோடு இணைத்து, அவற்றில் ஒன்றின் இரு முனைகளுக்கிடையே அளந்தால், பேட்டரி சரியாக 9 வோல்ட் தருவதாகக் கொள்ளும்போது, எதிர்பார்த்தபடியே 4.5 வோல்ட் காட்டும். இப்போது அவற்றை எடுத்துவிட்டு இரண்டு 1 மெகாஓம் மின்தடையங்களை வைக்கச் சொல்ல வேண்டும். விகிதம் மாறாததால் சூத்திரத்தின் விடையும் மாறுவதில்லை. மீட்டரோ 4.3 வோல்ட்டைத்தான் காட்டும். மற்ற மின்தடையத்தின் முனைகளில் வைத்தாலும் அதே 4.3 வோல்ட்தான். இரண்டையும் கூட்டினால் 8.6 வோல்ட், பேட்டரியின் முனைகளிலோ 9 வோல்ட். தொடரில் உள்ள மின்தடையங்களின் மின்னழுத்தங்களைக் கூட்டினால் பேட்டரியின் மின்னழுத்தம் வர வேண்டும் என்ற கிர்க்காஃப் விதி பொய்த்துவிட்டதா என்று மாணவர் திகைத்து நிற்கும் அந்த இடம்தான் கற்பித்தலில் மிக அரிய இடம். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்மின்தடை ஏறத்தாழ 10 மெகாஓம். அது 1 மெகாஓம் மின்தடையத்தோடு பக்க இணைப்பில் சேரும்போது அந்தப் பகுதியின் மின்தடை 0.91 மெகாஓமாகக் குறைந்துவிடுகிறது. அதாவது, அளக்கப்படும்போது அந்தச் சுற்று வேறொரு சுற்றாகிவிடுகிறது. கிர்க்காஃப் விதி ஒவ்வொரு அளவீட்டின்போதும் சரியாகவே இருந்திருக்கிறது, இரண்டு வெவ்வேறு சுற்றுகளின் அளவுகளைக் கூட்டியதில்தான் பிழை. வோல்ட்மீட்டரின் மின்தடை மிக அதிகமாக இருக்க வேண்டும் என்ற வரியை எல்லாக் காணொளிகளும் சொல்கின்றன. அந்த வரிக்கு என்ன பொருள் என்பதை இந்த 0.2 வோல்ட் வேறுபாடு ஒருவருக்கு மறக்கவே முடியாதபடி உணர்த்திவிடும்.

பேட்டரியும் இதே போலத்தான். தீர்ந்துகொண்டிருக்கும் 9 வோல்ட் பேட்டரி ஒன்று, மீட்டரை மட்டும் இணைக்கும்போது 8 வோல்ட்டுக்கு மேல் காட்டிவிட்டு, 470 ஓம் மின்தடையத்தை இணைத்தவுடன் அதன் அக மின்தடையால் கண்ணெதிரே இறங்கும். மின்னியக்கு விசை (மின்னோட்டம் எடுக்காதபோது பேட்டரி காட்டும் மின்னழுத்தம்), முனை மின்னழுத்தம் (மின்னோட்டம் எடுக்கும்போது அதன் முனைகளில் இருக்கும் மின்னழுத்தம்) என்ற இரண்டு வரையறைகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்தவருக்கு அவற்றின் வேறுபாடு அப்போதுதான் பொருள்படும்.

இதை மேல்வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம், தொடக்கத்தில் சிக்கல் இல்லாத சுற்றுகளே போதும் என்று பாடம் வகுப்பவர்கள் சொல்வதுண்டு. ஓம் விதியின் வரலாறு இந்த வாதத்தை ஏற்கவில்லை. கேயோர்க் ஓம் தம் சோதனைகளை முதலில் வோல்டா வகை மின்கலங்களைக் கொண்டுதான் செய்தார். அவற்றின் மின்னழுத்தம் நிலையாக நிற்காததால் அளவீடுகள் தடுமாறின. பின்னர், இயற்பியலாளர் பொகெண்டார்ஃப் கூறிய ஆலோசனையின்படி, 1821-இல் சீபெக் கண்டறிந்த வெப்பமின் விளைவை (இரு உலோகங்கள் சேரும் சந்திகளின் வெப்பநிலை வேறுபட்டால் மின்னழுத்தம் உண்டாவதை) பயன்படுத்தி, பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப இரட்டையின் ஒரு சந்தியைக் கொதிநீரின் வெப்பநிலையிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியின் வெப்பநிலையிலும் வைத்து நிலையான மின்மூலத்தை உண்டாக்கிக்கொண்டார். 1826-இல் அவர் வெளியிட்ட சமன்பாட்டில், சோதிக்கப்படும் கம்பியின் நீளத்தோடு, சுற்றின் எஞ்சிய பகுதி முழுவதற்குமான ஒரு மாறிலியும் சேர்ந்தே இருந்தது. இன்று நாம் அக மின்தடை என்று சொல்வது ஓம் விதியோடு கூடவே பிறந்தது. அதை நீக்கியவர்கள் பாடம் எழுதியவர்களே.

சுற்றுகளைக் கணினித் திரையிலேயே அமைத்துப் பார்க்க உதவும் சிமுலேட்டர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தின் மின்சுற்றுச் சிமுலேட்டரைப் பயன்படுத்திய மாணவர்கள், உண்மையான கருவிகளோடு பயின்றவர்களைவிட, கருத்துகளைக் கேட்கும் வினாக்களில் மட்டுமல்லாமல் உண்மையான சுற்றை அமைத்து விளக்குவதிலும் சிறந்து விளங்கினார்கள் என்று 2005-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டம் சுற்று முழுவதும் ஒரே அளவில் நகர்வதைத் திரையில் காட்ட முடிகிறது என்பது சிறிய உதவி அல்ல. பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்ற எண்ணத்தைக் களைய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆயினும், மின்தடையங்கள் எல்லாம் குறித்த மதிப்பிலேயே இருக்கும், கம்பிகள் எல்லாம் உறுதியாகவே பொருந்தும் என்ற உலகத்தை மட்டும் பார்த்துப் பழகியவர், உறுப்புகளைத் துளைகளில் செருகிச் சுற்றமைக்கும் பலகையான பிரெட்போர்டில் ஒரு முனை சரியாகச் செருகப்படாததால் பல்பு எரியாதபோது எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று அறியமாட்டார். திரையில் முதலில் பார்த்துவிட்டு, அதே சுற்றைக் கையால் அமைத்து அளப்பதே சரியான வரிசை.

இதற்குத் தேவையான பொருள்கள் மிகக் குறைவு: ஒரு மல்ட்டிமீட்டர், ஒரு பிரெட்போர்டு, பத்துப் பன்னிரண்டு மின்தடையங்கள், சில எல்இடிகள், ஒரு 9 வோல்ட் பேட்டரி. பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. ஆனால் வீட்டில் தனியாக அமர்ந்து செய்யத்தக்க மின்சோதனை ஒன்று உண்டென்றால், அது இந்தக் குறைந்த மின்னழுத்த நேர்த்திசைச் சுற்றுதான். வீட்டு மின்இணைப்பைத் தொடக்கூடாது, லித்தியம் மின்கலங்களை இந்தச் சோதனைகளுக்குப் பயன்படுத்தக்கூடாது, பேட்டரியின் முனைகளை நேரடியாக இணைக்கக்கூடாது, ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரைப் பேட்டரிக்குக் குறுக்கே வைக்கக்கூடாது என்ற விதிகளை முதல் காணொளியிலேயே காரணத்தோடு சொல்லிவிட வேண்டும்.

ஆயிரக்கணக்கானோர் சேரும் பாடத்தில் அளவீடுகளை யார் திருத்துவது என்று கேட்பார்கள். பொன்னிறப் பட்டை கொண்ட மின்தடையத்தின் மதிப்பு 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 1 கிலோஓம் என்று வாங்கியது 950 முதல் 1050 ஓம் வரை எதுவாகவும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு மாணவரின் சுற்றும் அவருக்கே உரியது, பக்கத்து மாணவரின் விடையை அப்படியே எடுத்து எழுத வழியில்லை. மாணவர் தம் மின்தடையங்களைத் தனித்தனியே அளந்து பதிவு செய்து, அவற்றிலிருந்து ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும் கணித்து, பிறகு அளந்ததை எழுதினால், அந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைக் கணினியே சரிபார்த்துவிடும். கணித்ததும் அளந்ததும் ஏன் வேறுபடுகின்றன என்று மாணவர் எழுதும் நான்கு வரிகளை மட்டும் ஆசிரியர் படித்தால் போதும். அந்த நான்கு வரிகளைப் படிப்பது வீண் உழைப்பு அல்ல என்பதை என் பணி அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்.

எனவே, இந்தப் பாடத்தை இணையத்தில் நடத்தும் கல்லூரிகள், சேர்க்கையின்போதே கருவிப் பெட்டியை அனுப்பவோ, வாங்க இயலாதவர்களுக்குத் திருப்பித் தரும் நிபந்தனையோடு இரவல் தரவோ முன்வர வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கையேனும் மாணவர் தாமே அளந்த அளவீடுகளுக்கும் அவற்றின் விளக்கத்துக்கும் ஒதுக்க வேண்டும். வாரம் தவறாமல் வரும் கணக்குத் தேர்வுகளில் சிலவற்றைக் கைவிட்டாலே அதற்கான நேரம் கிடைத்துவிடும்.

இங்ஙனம்,
மின்னணுவியல் ஆசிரியர் ஒருவர்