பாஸ் ஒரிஜினல்தான், உள்ள இருக்கிற கணக்குதான் பொய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுக்குப் போனா சட்டப்படி போங்க, ஏமாந்துராதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. சரிதான். ஆனா சட்டப்படின்னா என்னன்னு நம்ம ஆளுங்ககிட்ட கேட்டுப் பாருங்க, முக்காவாசிப் பேரு "பாஸ் ஒரிஜினலா இருக்கணும்"னு சொல்லிட்டு அதோட முடிச்சுக்குவாங்க. நான் சிங்கப்பூர்ல சுவா சூ காங் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில அட்மின்ல இருக்கேன், பாஸ், அதாவது இங்க வேலை பாக்குறதுக்கான அனுமதி, அப்ளை பண்றது ரினியூ பண்றது கேன்சல் பண்றது இதுதான் பொழப்பு, அதனால ஊர்ல சொந்தக்காரங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு யாருக்கு ஐபிஏ (பாஸுக்கான முன்அனுமதி லெட்டர்) வந்தாலும் என் வாட்ஸ்அப்புக்கு வந்துரும், "அக்கா, இது ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க"ன்னு. மட்டும்! அதுதான் எனக்குப் பிரச்சனை. ஒரிஜினலான்னு பாக்குறது கஷ்டமே இல்ல, பாஸ்போர்ட் நம்பர் பிறந்த தேதிய வச்சு எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) வெப்சைட்ல அவங்களே பாத்துக்கலாம். ஒரிஜினல் பாஸ்ல வந்து இங்க மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களப் பத்தித்தான் இந்தக் கடிதம்.

வொர்க் பெர்மிட் ஐபிஏ லெட்டர்ல என்ன எழுதியிருக்குன்னு வாங்குறவங்க படிக்கிறதே இல்ல. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, மாசம் எவ்வளவு பிடிப்பாங்க, ஏஜென்ட் ஃபீஸ் எவ்வளவு, என்ன வேலை, எல்லாம் அதுல இருக்கு, தொழிலாளியோட தாய்மொழியிலயும் ஒரு காப்பி வரும், ஊர்ல இருந்து கெளம்புறதுக்கு முன்னாடியே முதலாளி அத அனுப்பியாகணும். ஆனா நடக்கிறது என்னன்னா ஏஜென்ட் முதல் பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து அனுப்புவாரு, பேரும் போட்டோவும் தெரியும், உடனே வீட்ல கோயிலுக்கு நேர்ந்துக்குவாங்க, மீதிப் பக்கம் எங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அந்த மீதிப் பக்கத்துலதான் சார் விஷயமே இருக்கு. லெட்டர்ல போட்ட மாசச் சம்பளத்த, சைட்ல வேலை இருந்தாலும் இல்லாட்டியும் குடுத்தாகணும், குறைக்கணும்னா தொழிலாளி எழுத்துல சம்மதிக்கணும், எம்ஓஎம்முக்கும் தெரியப்படுத்தணும். சும்மா வாயால "இங்க எல்லாருக்கும் இவ்ளோதாம்பா"ன்னு சொல்லிட்டுப் போக முடியாது.

இப்ப எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான பாஸ்) கதைக்கு வர்றேன், இதச் சொல்லத்தான் எழுதவே உக்காந்தேன். 2025 செப்டம்பர்ல இருந்து புதுசா எஸ் பாஸ் எடுக்கணும்னா கொறஞ்சது 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மாசச் சம்பளம் காட்டணும், வயசு கூடக் கூட அது ஏறும், நிதித்துறைக்கு இன்னும் ஜாஸ்தி. இந்த 3,300ஐ நெசமாவே குடுக்கிற கம்பெனி நெறைய இருக்கு, இல்லேன்னு சொல்லல. குடுக்காத எடத்துல எப்படி நடக்குதுன்னா, எங்க பக்கத்து பிளாக்ல ஒரு தம்பி இருந்தான், அவனோட கம்பெனி பேரு வேணாம், சம்பளத் தேதியில 3,300 கரெக்டா பேங்க்ல ஏறிரும், அன்னிக்குச் சாயங்காலமே காப்பிக்கடை பக்கத்துல இருக்கிற ஏடிஎம்ல ஐம்பது ஐம்பதா எடுத்து, எண்ணி, பழைய அங்பாவ் (சீனப் புத்தாண்டுக்குக் காசு வச்சுக் குடுக்கிற) கவர்ல போட்டு சூப்பர்வைசர் கையில குடுத்துருவான். பாதிக்குக் கொஞ்சம் கம்மி. கேஷ் பேக்னு பேரு, ஏதோ கிரெடிட் கார்டு ஆஃபர் மாதிரி. ஸ்டேட்மென்ட்ட எடுத்து யாரு பாத்தாலும் ஒரு குத்தம் சொல்ல முடியாது, பே ஸ்லிப் சரியா இருக்கும், பாஸும் ஒரிஜினல். வாங்கிக்கிற சூப்பர்வைசரும் நம்ம ஊருதான், தமிழ்லதான் பேசுவாரு, "தம்பி ஒனக்கு நல்லதுக்குத்தான்"னு வேற சொல்லுவாரு.

இதுல அந்தத் தம்பிக்குத் தெரியாத ஒண்ணு, வருமான வரி. கம்பெனி ஐராஸ்க்கு (இங்க வரித்துறை) அனுப்புற கணக்குல வருஷத்துக்கு 39,600 வெள்ளின்னு இருக்கும்ல, வரி அதுக்குத்தான், இங்க வரி கம்மிதான்னாலும் கணக்குப் போட்டா சுமார் 500 வெள்ளி வரும். அதாவது கைக்கு வராத காசுக்கும் இவன் வரி கட்டுறான்.

அப்புறம் லெவி. வெளிநாட்டு ஆள் வச்சிருக்கிறதுக்கு அரசாங்கத்துக்குக் கட்டுற காசு அது. எஸ் பாஸுக்கு மாசம் 650 வெள்ளி லெவி, அது முதலாளி கட்டவேண்டியது, ஆள்கிட்ட பிடிக்கவே கூடாது. ஆனா "லெவி ஏறிப்போச்சு, நீயும் கொஞ்சம் ஷேர் பண்ணிக்க"ன்னு சொன்னா நம்ம பசங்க நியாயம்தானேன்னு தலையாட்டிருவாங்க. வொர்க் பெர்மிட்காரங்களுக்கு செக்யூரிட்டி பாண்டு (அரசாங்கத்துக்குக் குடுக்கிற உத்தரவாதம்) 5,000 வெள்ளி, அதுவும் முதலாளி தலையிலதான். வேலை குடுக்கிறதுக்கோ ரினியூ பண்றதுக்கோ ஆள்கிட்ட காசு வாங்குனா 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். எம்ஓஎம்கிட்ட பொய்க் கணக்கு குடுத்தா 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஜெயிலும் உண்டு, இது பொய் சர்டிபிகேட் குடுக்கிற ஆளுக்கும் சேத்துத்தான். டிப்ளமா இல்லாட்டி பரவால்ல நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்னு ஏஜென்ட் சொல்றாருல்ல, மாட்டுனா ஜெயிலுக்குப் போறது அவரு மட்டும் இல்ல, நீங்களும்தான்.

ஏஜென்ட் காசு பத்திப் பேசுனா கோவம் வருது. சிங்கப்பூர்ல லைசென்ஸ் வாங்குன ஏஜென்சி ஆள்கிட்ட வாங்கக்கூடியது ஒரு வருஷ கான்ட்ராக்ட்டுக்கு ஒரு மாசச் சம்பளம், எத்தன வருஷ கான்ட்ராக்ட்டா இருந்தாலும் ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல போகக்கூடாது, ஆறு மாசத்துக்குள்ள முதலாளி வேலைய விட்டு அனுப்பிட்டா வாங்குனதுல பாதியாவது திருப்பிக் குடுக்கணும். இந்தியாவுல பதிவு பண்ண ஏஜென்ட் 30,000 ரூவாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் வாங்கலாம், அவ்ளோதான். அங்க குடுக்கிறதோ லட்சக் கணக்குல, நகைய வச்சு, நெலத்த வச்சு, மச்சினன்கிட்ட வாங்கி. ரசீது கேட்டா "நம்பிக்கை இல்லையா"ன்னு ஒரு கேள்வி. அந்தக் காலத்துல மலாயா தோட்டத்துக்கு கங்காணி முன்பணம் குடுத்து ஆள் கூட்டிட்டு வந்தாரு, வந்தவங்க அந்தக் கடன அடைக்கவே வருஷக் கணக்கா உழைச்சாங்க, 1938ல இந்திய அரசாங்கம் அத நிப்பாட்டுற வரைக்கும் நடந்துச்சு. கங்காணியாவது காசு குடுத்தாரு! இப்ப நாமளே குடுத்துட்டு வர்றோம்.

இந்தியப் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கு, பலருக்குத் தெரியாது. பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு வரும்ல, அவங்க மலேசியாவுக்கோ சவுதிக்கோ வேலைக்குப் போகணும்னா குடிபெயர்வு அதிகாரிகிட்ட க்ளியரன்ஸ் வாங்கணும், கான்ட்ராக்ட்ட அங்க ஒருத்தர் பாப்பாரு. சிங்கப்பூர் அந்த லிஸ்ட்ல இல்ல. அதனால நம்ம பையன் கையில இருக்கிற பேப்பர அவனத் தவிர வேற யாரும் படிக்கப் போறதில்ல, அவனும் படிக்கல. இந்திய அரசோட இ-மைக்ரேட் வெப்சைட்ல பதிவு பண்ண ஏஜென்ட் பேரு இருக்கு, தமிழ்நாடு அரசோட வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஓஎம்சிஎல் இருக்கு, ரெண்டு நிமிஷம் செலவு பண்ணா போதும், ஆனா டீக்கடையில அறிமுகமானவரு சொல்றதுதான் வேதவாக்கு.

டெப் பாஸ் பத்தியும் ஒரு வார்த்தை. அது ட்ரெய்னிங்குக்கு வர்ற பாஸ், அதிகபட்சம் மூணு மாசம், ரினியூ கிடையாது. "போயிருங்க, அங்க போய் எஸ் பாஸ் மாத்திக்கலாம்"னு சொல்லி வித்தா வாங்காதீங்க, அவ்ளோதான். விசிட்ல வந்து வேலை பாக்குறது அதவிட மோசம், நாள் தாண்டித் தங்கி 90 நாளுக்கு மேல ஆயிட்டா ஆம்பளைங்களுக்கு ஜெயிலோட பிரம்படியும் உண்டு, சும்மா மிரட்டலுக்குச் சொல்லல.

ஏதோ படிக்காதவங்க கதைன்னு நெனச்சு இத யாரும் தாண்டிப் போயிர வேணாம். இ பாஸ்ல (நிபுணர், மேலாளர் மாதிரி வேலைக்கான பாஸ்) வர்ற ஐடி தம்பி தங்கச்சிங்களும் பேப்பர் படிக்கிறதில்ல, அவங்க லிங்க்ட்இன்ல போட்டோ போடுற அவசரத்துல இருப்பாங்க. 2025 ஜனவரியிலருந்து இ பாஸுக்குக் கொறஞ்ச சம்பளம் 5,600, ஆனா பொண்டாட்டிக்கோ புருஷனுக்கோ டிபென்டன்ட் பாஸ் எடுக்கணும்னா 6,000 வேணும், அப்பா அம்மாவ நீண்ட நாள் கூட வச்சுக்க 12,000. அப்ப 5,700க்கு ஆஃபர் வாங்கிட்டுச் சந்தோஷமா வர்றவரு தனியாத்தான் இருக்கணும், இத ஆஃபர் லெட்டர் வாங்கும்போதே எச்ஆர்கிட்ட பேசியிருந்தா அந்த 300ஐ ஏத்தி வாங்கியிருக்கலாம்ல? அடுத்து, டிபென்டன்ட் பாஸ்ல வந்தா இங்க வேலை தேடிக்கலாம்னு இன்னும் நெனக்கிறாங்க, 2021 மே மாசத்துக்கு அப்புறம் அவங்களும் தனியா வொர்க் பாஸ் எடுக்கணும். சென்னையில நல்ல வேலைய ரிசைன் பண்ணிட்டு வந்து புங்கோல்ல வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கிற பொண்ணுங்கள எனக்குத் தெரியும், புருஷன் சொல்லல, புருஷனுக்கே தெரியல.

இ பாஸுக்கு கம்பாஸ்னு ஒரு பாயின்ட் முறை, 2023 செப்டம்பர்ல வந்தது, 40 பாயின்ட் எடுக்கணும். சம்பளம், படிப்பு, கம்பெனியில உங்க நாட்டுக்காரங்க எவ்வளவு பேரு, உள்ளூர்க்காரங்க எவ்வளவு பேருன்னு பாப்பாங்க. கம்பெனியில நிபுணர், மேலாளர் மாதிரி வேலையில இருக்கிறவங்கள்ல கால்வாசிக்கு மேல ஏற்கனவே இந்தியர்களா இருந்தா அந்த எடத்துல நமக்கு முட்டை, அது ஒங்க திறமைய வச்சு இல்ல. இதனால ரிஜெக்ட் ஆனா "எனக்கு எம்ஓஎம்ல ஆள் இருக்கு, பேசி வாங்கித் தர்றேன்"னு ஒருத்தர் கெளம்பி வருவாரு பாருங்க, அவர நம்பிக் காசு குடுத்தா அது திரும்பி வராது.

வந்து இருக்கிறதுல உள்ள சட்டம் தனி. ரூம் எடுக்கும்போது வீவக வீடா (அரசாங்க அடுக்குமாடி வீடு) இருந்தா உங்க பேர ஓனர் பதிவு பண்ணியிருக்காரான்னு பாருங்க, ஆறு மாசத்துக்குக் கம்மியா வாடகைக்கு விடக்கூடாது, ஒருத்தர் முழு வீட்டையும் எடுத்துட்டு நம்ம பசங்களுக்கே கட்டில் கட்டிலா உள்வாடகை விடுறாரே, அதுவும் தப்பு. ஊர்ல இருக்கிற சேவிங்ஸ் அக்கவுன்ட்ட அப்படியே வச்சுக்கக் கூடாது, வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கான என்ஆர்ஓ அக்கவுன்ட்டா மாத்தணும், இங்க இருந்து அனுப்புற காசுக்கு என்ஆர்இ அக்கவுன்ட் தொறந்துக்கலாம். வேலைய விட்டா இல்ல வேற கம்பெனி மாறுனா டாக்ஸ் க்ளியரன்ஸ் முடியற வரைக்கும் கடைசிச் சம்பளத்தப் பிடிச்சு வைப்பாங்க, அது கம்பெனி அக்கிரமம் இல்ல, விதியே அதுதான், அதனால கையில ரெண்டு மாசச் செலவுக்கு வச்சிருங்க. பிஆர் (நிரந்தரவாசம்) போடுறவங்க மகனுக்கும் சேத்துப் போட்டா தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) உண்டுங்கிறத மொதல்லயே வீட்ல பேசிருங்க, பதினாறு வயசுல பேச ஆரம்பிச்சா சண்டைதான்.

புகார் குடுத்தா வேலை போயிரும், ஊர்க் கடன யாரு அடைக்கிறதுன்னு பயப்படுறாங்க, அந்தப் பயத்த நான் குத்தம் சொல்ல மாட்டேன், அது நெசமான பயம். ஆனா நாள் கணக்கு ஓடிட்டே இருக்கும்: சம்பளப் பாக்கிக்கு, வேலையில இருந்தா பாக்கி விழுந்து ஒரு வருஷத்துக்குள்ள, வேலைய விட்டுட்டா கடைசி நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள டாடம்ல (வேலைத் தகராறத் தீர்த்து வைக்கிற அமைப்பு) மனு போடணும். வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கு, டிடபிள்யூசி2, ஹோம் மாதிரி தொழிலாளிங்களுக்கு உதவுற அமைப்பெல்லாம் இருக்கு, போய்ப் பேசுறதுக்குக் காசு இல்ல. அந்த கவர் குடுக்கிற தம்பி கடைசி வரைக்கும் போகல, ரினியூவலுக்கும் தனியா காசு கேட்டாங்கன்னு சொல்லி ஊருக்கே போயிட்டான். அவன்கிட்ட எழுத்துல ஒண்ணுமே இல்ல, குடுத்த தேதிய ஃபோன்லயாவது குறிச்சு வைடான்னு சொன்னதுக்குக் கூட "வேணாம்க்கா, பாத்துட்டா பிரச்சனை"ன்னான்.

ஆசிரியர்கிட்ட ஒரு வேண்டுகோள். 1950கள்ல குடியுரிமைக்குப் பதிவு பண்ணிக்கச் சொல்லி தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி நம்ம சனங்கள விடாம தூண்டுனாருன்னு பெரியவங்க சொல்லுவாங்க, தமிழ்ப் பத்திரிகைக்கு இங்க அப்படி ஒரு வேலை இருந்திருக்கு. வாரத்துக்கு ஒரு கால் பக்கம் குடுங்க. மனிதவள அமைச்சோட அறிக்கைய அப்படியே மொழிபெயர்த்துப் போடாம, எஸ் பாஸ், டெப் பாஸ், பிசிஎம் பெர்மிட்னு பசங்க பேசுற பேச்சுலயே போடுங்க. மொத வாரம் ஐபிஏ லெட்டர் ஒண்ணு, பேரு நம்பர மறைச்சுட்டு, எல்லாப் பக்கமும், எந்த வரியில என்ன இருக்குன்னு அம்புக்குறி போட்டு. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வந்தா ரொம்ப நல்லது, அன்னிக்குத்தான் எல்லாரும் தேக்காவுல (லிட்டில் இந்தியா) இருப்பாங்க, நானே நாலு காப்பி வாங்கி ஊர் குரூப்ல போட்டோ எடுத்துப் போட்டுருவேன். மறைச்ச மாதிரி ஒண்ணு வேணும்னா என்கிட்டயே இருக்கு, அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுவா சூ காங்