சின்ன அடுப்பே போதும், கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு கணப்பு அடுப்புப் படங்களையும் நேற்று ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த 12 கிலோவாட் வெப்பம் தரும் விறகு அடுப்பின் மேல்தான் உனக்கு ஆசை என்று புரிகிறது. குளிருக்குப் பயந்தால் பெரிதாக வாங்கத்தான் தோன்றும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அப்பா சொல்வதைக் கேள், சின்னதை வாங்கு.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நானும் பெரிதாக ஒன்றை வாங்கி வைத்தேன். அரை மணி நேரத்தில் கூடத்தில் உட்கார முடியாது. அனல் தாங்காமல் அடுப்புக்குள் காற்று போகும் வழியை மூடிவிடுவேன். விறகு எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். முதலில் கண்ணாடிக் கதவு கறுத்தது. குளிர்காலம் முடிந்து புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர், உள்ளிருந்து சுரண்டிய ஒரு சில்லை என் உள்ளங்கையில் வைத்தார். கன்னங்கரேலென்று, பளபளப்பாக, தார் நாற்றத்தோடு இருந்தது. கிரியோசோட் என்றார். அரைகுறையாக எரிந்த புகை, சூடில்லாத குழாயில் பட்டு இப்படிப் படியுமாம். என்றைக்காவது நெருப்பு நன்றாக மூண்டால் இதுவே குழாய்க்குள் பற்றிக்கொள்ளுமாம். அந்தச் சுவரை ஒட்டித்தான் உன் தொட்டில் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

உன்னுடையது புது வீடு. சுவரிலும் கூரையிலும் வெப்பம் வெளியே போகாதபடி அடைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கூடத்துக்கு 5 கிலோவாட்டே பெரும்பாலும் போதும். சின்ன அடுப்பு சுடர்விட்டு எரியட்டும், புகைபோக்கியும் சுத்தமாக இருக்கும். இன்னொன்று, காற்றுப் புகாத வீட்டில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அடுப்புப் புகையையே வீட்டுக்குள் இழுத்துவிடும். அதனால் எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்து குழாய் வழியே எடுத்துக்கொள்ளும் மாடலாகக் கேள்.

மாப்பிள்ளை பெல்லட் அடுப்பு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னத் துண்டுகளை எரிக்கும் அடுப்பு, நல்லது என்கிறாராமே. சரிதான், வேலை குறைவு. ஆனால் பெல்லட்டை உள்ளே தள்ளுவதும் விசிறி சுற்றுவதும் மின்சாரத்தில்தான். கரண்ட் போகிற ராத்திரியில்தானே நெருப்பு வேண்டும்? வார்ப்பிரும்பா, ஸ்டீலா என்பது உங்கள் இஷ்டம். ஸ்டீல் சீக்கிரம் சூடாகும், வார்ப்பிரும்பு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பாக இருக்கும்.

விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமானியை மேல்பக்கத்தில் வைத்துப் பார்த்து ஏமாறாதே. ஒரு கட்டையைப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பார். அப்புறம், கார்பன் மோனாக்சைடு அலாரம். அந்த விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அடுப்பு வருவதற்கு முன்பே அலாரம் மாட்டியாகிவிட வேண்டும். குழந்தை தூங்குகிற வீடு அது.

பணம் கட்டிவிடாதே. கூடத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுது. கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா