விமான நிலைய உணவகங்களில் விரதச் சாப்பாட்டுக்குத் தனி எண்ணெய் கோரி மனு

அனுப்புநர்:
காவடி விரதம் இருக்கும் தமிழ்க் குடும்பத்தார்,
ரோஸ்ஹில், மொரிசியஸ்.

பெறுநர்:
உணவுச் சுகாதாரப் பிரிவு உயர் அலுவலர் அவர்கள்,
சுகாதார அமைச்சு, போர்ட் லூயிஸ்.

பொருள்: விமான நிலைய உணவகங்களில் சைவப் பொரியலுக்குத் தனி எண்ணெய்ச் சட்டியும், சேர்மானம் எழுதிய அட்டையும் வைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தைப்பூசக் காவடிக்கு முந்திய பத்து நாளும், புரட்டாசியில் கோவிந்தன் விரத நாள்களிலும் நம் தீவின் பல தமிழ் வீடுகளில் மீன், இறைச்சி, முட்டை மூன்றுமே அடுப்பேறாது. அந்நாளில் பயணம் வந்தால் வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டுவது வழக்கம். ஆனால் 100 மில்லிலிட்டருக்கு மேல் நீராளமான எதுவும் கைப்பைச் சோதனையைத் தாண்டாது. பருப்பு அடைத்த மெல்லிய ரொட்டியான தால்பூரி உள்ளே போகும். அதற்கான பயற்றுக்கறியும், ருகாய் எனும் தக்காளிக் குழம்பும் குப்பைத்தொட்டிக்குப் போகும். வெறும் தால்பூரி தொண்டையில் இறங்காது. ஆகவே உள்ளேயிருக்கும் உணவகத்தையே நம்பியாக வேண்டும்.

பலகையில் பச்சை இலை வரைந்துவிட்டால் சைவமாகிவிடாது. கத்தோ பிமா எனும் மிளகாய் வடையைப் பாருங்கள். ஊறவைத்து அரைத்த பருப்பு, பச்சை மிளகாய், வெங்காயத்தாள், கொத்தமல்லி: நம் மசால்வடையின் தம்பி, மாவில் குறையே இல்லை. கோளாறு சட்டியில் இருக்கிறது. இரட்டைக் கூடை ஃபிரையர் வெளியே இரண்டு சட்டியாகத் தெரியும். பல மாடல்களில் கூடைதான் இரண்டு, கீழே எண்ணெய் ஒன்றே. இந்தப் பக்கம் மீன் துண்டு, அந்தப் பக்கம் கத்தோ பிமா. எண்ணெய் 180 டிகிரி காய்ந்தாலும் மீன் கொழுப்பு அதில் கலந்தே இருக்கும். வடிகட்டினால் கருகிய ரொட்டித்தூள் போகும், கொழுப்பு போகாது. புது எண்ணெயில் முதலில் சைவம்தான் பொரிக்கிறோம் என்ற சமாதானம் முதல் ஈடு வரைக்கும்தான் செல்லும். நாலைந்து லிட்டர் பிடிக்கும் மேசை ஃபிரையர் ஒன்று போதும். கூடவே ஒரு தனி இடுக்கி. கோழி எடுத்த இடுக்கியாலேயே வடையும் எடுத்தால் தனிச் சட்டி வைத்தும் பயனில்லை.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத சேர்மானம். சூப்பிலும் பயற்றுக்கறியிலும் கோழிச் சாற்றுக் கட்டியான கியூப், காய்கறி நூடுல்ஸில் சிப்பிச் சாறு, நூடுல்ஸ் மாவிலேயே முட்டை, மூஸ் எனும் இனிப்பில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். சமையல்காரர் ஏமாற்றுவதில்லை, அவர் பயின்ற முறையில் முட்டை சைவம், கியூப் வெறும் மசாலா. போர்டிங் அழைப்பு வந்தபின் நின்று விசாரிக்கவும் முடியாது. எனவே ஒவ்வொரு பண்டத்துக்கும் சேர்மான அட்டை கல்லாவருகே இருக்கட்டும், தமிழிலும் ஒரு வரியோடு. நம் ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கும்போது அட்டையில் இடம் இல்லாமல் போகாது.

தால்பூரி விற்பவர்களுக்கு ஒரு சொல்: மைக்ரோவேவில் மூடாமல் சுடவைத்தால் ஓரம் வறண்டு தோலாகிவிடும். ஜோடி ஜோடியாக அடுக்கி, துணி சுற்றிய மூடுபெட்டியில் வைத்தால் மணிக்கணக்கில் மிருதுவாக இருக்கும்.

உரிமம் புதுப்பிக்கும் ஆய்வின்போது எண்ணெய்ச் சட்டி எத்தனை, அட்டை எங்கே என்ற இரு கேள்விகளையும் அலுவலர்கள் சேர்த்துக் கேட்க உத்தரவிடுமாறும், அடுத்த புரட்டாசிக்குள் இதை நடைமுறைக்குக் கொண்டுவருமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள குடும்பத்தார்